ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்குக் கடுமையான ரத்தக்கசிவு: மருந்தை எப்போது, எப்படி முறிக்கிறார்கள்?

கேள்வி இது: "என் அப்பா இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் அபிக்சபான் சாப்பிடுகிறார். சமீபத்தில் மலத்தோடு ரத்தம் போய் மருத்துவமனையில் சேர்த்தோம். மாத்திரையை நிறுத்தினார்கள், ரத்தம் ஏற்றினார்கள், எண்டோஸ்கோப்பி செய்து குடலில் கசிந்த இடத்தை அடைத்தார்கள். முறிமருந்து எதுவும் தரவில்லை. ஆனால் வார்ஃபரின் சாப்பிட்டு மூளையில் ரத்தக்கசிவோடு பக்கத்துப் படுக்கைக்கு வந்தவருக்கு உடனே ஊசி போட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் ஏன் தரவில்லை? இந்த மாத்திரைகளுக்கு முறிமருந்து இருக்கிறதா, இல்லையா?"

இருக்கிறது. ஆனால் இரண்டு பேருக்கும் செய்தது சரியாகவே இருந்திருக்கலாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே சந்தேகம் பல குடும்பங்களுக்கு மனக்குறையாகத் தங்கிவிடுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த மருந்துகள் ரத்தக்குழாயில் ஓட்டை போடுவதில்லை. குடலில் ஒரு புண்ணோ, மூளையில் ஒரு பலவீனமான சின்னக் குழாயோ ஏற்கெனவே இருக்கிறது. அங்கே கசிவு ஆரம்பித்தால் உடம்பு வழக்கமாக அடைத்துவிடும். மருந்து அந்த அடைக்கும் வேலையைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே மருந்தை முறித்தால் மட்டும் கசிவு நின்றுவிடாது. உடம்புக்கு அதை அடைக்கும் திறன் திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். ஓட்டையை யாராவது போய்ப் பார்த்து அடைக்க வேண்டியிருக்கலாம். அப்பாவுக்கு எண்டோஸ்கோப்பியில் செய்தது அதைத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அப்பா அந்த மாத்திரையைச் சாப்பிடக் காரணம், இதயத்தின் மேலறையில் ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரக்கூடும் என்பது. முறித்த அடுத்த நிமிடமே அந்த ஆபத்து திரும்பி வருகிறது. போதாததற்கு, முறிக்கப் பயன்படும் சில மருந்துகள் தாமே ரத்தத்தை உறைவதன் பக்கம் தள்ளுகின்றன. கசிவால் வரும் ஆபத்து பெரிதா, உறைவதால் வரும் ஆபத்து பெரிதா என்று ஒவ்வொரு நோயாளியிடமும் எடைபோட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள்.

அந்த எடையில் முதலில் பார்ப்பது, ரத்தம் எங்கே கசிகிறது என்பதை. மண்டையோட்டுக்குள் விரிய இடமே கிடையாது. அங்கே முப்பது மில்லி ரத்தம் சேர்ந்தால்கூட ஒருவரின் பேச்சையும் கை காலையும் பறித்துவிடும், உயிரையே எடுக்கவும் கூடும். முதுகுத்தண்டு, கண், இதயத்தைச் சுற்றியுள்ள உறை, வயிற்றின் பின்பக்கம், இறுக்கமான உறைக்குள் இருக்கும் தசை, மூட்டு ஆகியவையும் இப்படிப்பட்ட இடங்கள்தாம். அளவு சிறிதானாலும் விளைவு பெரிது. குடல் அப்படியில்லை. அங்கே ரத்தம் நிறையப் போகலாம், ஆனால் போனதை ஈடுகட்ட முடியும், குழாய்விட்டுப் பார்த்து அடைக்கவும் முடியும். அதனால் குடல் கசிவில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கிறார்கள். ஹீமோகுளோபின் 2 கிராம் அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, இரண்டு பை ரத்தம் ஏற்ற வேண்டி வந்தாலோ பெரிய கசிவு என்று கணக்கு. அது பெரிய கசிவானாலும், அழுத்தம் நிலையாக இருந்து, கசியும் இடத்தைச் சென்று அடையவும் முடிந்தால், மருந்தை நிறுத்திவிட்டு ஆதரவு சிகிச்சை தருவதே பெரும்பாலும் போதும். அழுத்தம் சரிகிறது, ஏற்ற ஏற்ற ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது என்றால் குடல் கசிவுக்கும் முறிமருந்து தருவார்கள்.

இரண்டாவது கேள்வி, என்ன மருந்து, கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார். பக்கத்துப் படுக்கைக்காரர் கதை வேறாவது இங்கேதான்.

வார்ஃபரினில் ஆரம்பிக்கிறேன், அதிக அனுபவம் இருப்பது அதில்தான். ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் நான்கை (2, 7, 9, 10 என்று எண்ணிட்டுச் சொல்வார்கள்) கல்லீரல் வைட்டமின் கே இல்லாமல் சரியாகச் செய்து முடிக்க முடியாது. வார்ஃபரின் அந்த வைட்டமினை மறுபடி பயன்படுத்தும் வழியை அடைக்கிறது. எனவே மருந்தின் விளைவு மெதுவாக வருகிறது, மெதுவாகவே போகிறது. இன்று மாத்திரையை நிறுத்தினால் ரத்தம் பழைய நிலைக்கு வர நான்கைந்து நாள் ஆகும். மூளையில் கசிவு உள்ளவருக்கு அவ்வளவு நாள் இல்லை.

இந்த மருந்தை முறிக்கலாம் என்ற தெம்பு வந்த விதமே சுவாரசியமானது. 1948-இல் வார்ஃபரின் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. 1951-இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்திருந்த ஒருவர் உயிரை விட எண்ணி அதைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டார். மருத்துவமனையில் வைட்டமின் கே கொடுத்ததும் முழுமையாகத் தேறிவிட்டார். மனிதர்களுக்கு இதைத் தரலாம், தவறினால் திருப்பவும் முடியும் என்ற எண்ணத்துக்கு அது வலு சேர்த்தது. 1954-இல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. 1955-இல் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கும் கொடுத்தார்கள். (இன்றைய எலி மருந்துகள் பலவும் இதே குடும்பம்தான், ஆனால் உடம்பில் மிக நீண்ட காலம் தங்குபவை. அவற்றைச் சாப்பிட்டவருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் வைட்டமின் கே தர வேண்டியிருக்கும். ரெண்டு நாளில் சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அழைத்துப் போவது ஆபத்து.)

வைட்டமின் கே நல்ல முறிமருந்து, ஆனால் உடனடி மருந்து அல்ல. 5 முதல் 10 மில்லிகிராமை டிரிப்ஸில் கலந்து மெதுவாக ஏற்றினாலும், கல்லீரல் புதிய புரதங்களைச் செய்து ரத்தத்தில் விட வேண்டும். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்; எண் கூடினால் தாமதம் கூடுகிறது) இறங்கத் தொடங்க நான்கு முதல் ஆறு மணி நேரம், முழுப் பலன் கிடைக்க அரை நாள் முதல் ஒரு நாள். வேகமாகச் செலுத்தினால் அரிதாக அழுத்தம் விழுந்து கடும் ஒவ்வாமை போன்ற நிலை வரும் என்பதால்தான் மெதுவாக ஏற்றுகிறார்கள். தசையில் ஊசியாகப் போடக் கூடாது; அந்த இடத்திலேயே ரத்தம் கட்டிக்கொள்ளும்.

அந்த இடைவெளியை நிரப்ப, உடம்புக்கு இல்லாத புரதங்களை வெளியிலிருந்து நேரடியாகக் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. பழைய வழி, உறைநிலையில் வைத்த பிளாஸ்மா, அதாவது தானம் செய்த ரத்தத்தில் அணுக்களை நீக்கிய நீர்ப்பகுதி. எழுபது கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 15 மில்லி என்று வைத்தால் ஒரு லிட்டருக்கு மேல், அதாவது நான்கைந்து பை. ரத்தப் பிரிவு பொருந்த வேண்டும். கல்லாக உறைந்திருக்கும் பையை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்து இளக்க இருபது முப்பது நிமிடம். அப்புறம் ஒவ்வொரு பையாக ஏற்ற வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுபவர்களில் பலருக்கு இதயம் ஏற்கெனவே பலவீனம். ஒரு லிட்டர் திரவத்தை வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். மெதுவாக ஏற்றினால் மூளைக் கசிவு காத்திருக்காது.

புதிய வழியைச் சுருக்கமாகப் பிசிசி என்கிறார்கள்: புரோத்ராம்பின் காம்ப்ளெக்ஸ். மேலே சொன்ன நான்கு புரதங்களும் செறிவாக, உலர்ந்த பொடியாகச் சின்னக் குப்பியில் இருக்கும். ரத்தப் பிரிவு பார்க்கத் தேவையில்லை, இளக்கத் தேவையில்லை. நர்ஸ் கூடவே வரும் நீரைக் குப்பிக்குள் விட்டு மெல்லச் சுழற்றுவார். குலுக்கினால் நுரைத்துவிடும், அதனால் அந்த நேரத்திலும் நிதானமாகவே சுழற்ற வேண்டும். பொடி கரைந்து தெளிந்ததும் சிரிஞ்சில் எடுத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். ஐஎன்ஆர் 2 முதல் 4-க்குள் இருந்தால் கிலோவுக்கு 25 யூனிட், 4 முதல் 6 வரை 35, அதற்கு மேல் 50 என்பது பரவலான அளவு. எழுபது கிலோ உடம்புக்கு முதல் அளவு எழுபது மில்லி சுமாரில் முடிந்துவிடும். ஒரு லிட்டருக்கும் எழுபது மில்லிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். சில மருத்துவமனைகளில் எடை, ஐஎன்ஆர் எல்லாம் கணக்குப் பார்த்து நேரம் போகக் கூடாது என்று எல்லோருக்கும் ஒரே நிலையான அளவு வைத்திருக்கிறார்கள்.

வித்தியாசம் எவ்வளவு? 2013-இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில், பிசிசி பெற்றவர்களில் 62 சதவீதம் பேருக்கு அரை மணி நேரத்தில் ஐஎன்ஆர் 1.3-க்குக் கீழோ அதற்குச் சமமாகவோ வந்தது; பிளாஸ்மா பெற்றவர்களில் 9.6 சதவீதம் பேருக்கு மட்டும். மூளைக் கசிவு உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு 2016-இல் வெளிவந்த ஆய்வில், மூன்று மணி நேரத்துக்குள் 1.2-ஐத் தொட்டவர்கள் பிசிசியில் 67 சதவீதம், பிளாஸ்மாவில் 9 சதவீதம். உயிருக்கு ஆபத்தான கசிவோடு வந்த வார்ஃபரின் நோயாளிக்கு, பிசிசி கையில் இருக்கும்போது பிளாஸ்மாவைத் தேடிப் போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பிசிசி இல்லாத இடத்தில் பிளாஸ்மா தருவது சரிதான்; சும்மா காத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பிசிசி கொடுத்தாயிற்று, ஐஎன்ஆர் இறங்கிவிட்டது என்று வைட்டமின் கேயை விட்டுவிடக் கூடாது. வெளியிலிருந்து கொடுத்த புரதங்களில் ஏழாம் எண்ணுக்கு ஆயுள் மிகக் குறைவு, சுமார் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். வார்ஃபரினோ உடம்பில் இன்னும் இருக்கிறது. வைட்டமின் கே கொடுக்காவிட்டால் நள்ளிரவில் ஐஎன்ஆர் திரும்ப ஏறும், கசிவும் திரும்ப ஆரம்பிக்கலாம். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். பிசிசி முடிந்து அரை மணி நேரத்தில் ஒரு முறை, பிறகு சில மணி நேரங்களுக்கு ஒரு முறை ஐஎன்ஆர் பார்ப்பது இதற்காகத்தான்.

இன்னும் ஒன்று. ஐஎன்ஆர் 2.5 தானே, இருக்க வேண்டிய எல்லைக்குள் இருக்கிறதே, எதற்கு முறிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் அது தவறான தர்க்கம். அந்த எல்லை கசிவு இல்லாதவருக்கு. மூளையில் ரத்தம் கசியும்போது 2.5 என்பதும் அதிகம்தான். இதற்கு நேர்மாறும் உண்டு: கசிவே இல்லாமல் பரிசோதனையில் ஐஎன்ஆர் 6 அல்லது 7 என்று வந்தால், பெரும்பாலும் ஓரிரு வேளை மாத்திரையை நிறுத்தித் திரும்பப் பார்த்தாலே போதும். 10-ஐத் தாண்டினால் வாய்வழியாகக் கொஞ்சம் வைட்டமின் கே தருவார்கள். எண்ணைப் பார்த்துப் பயந்து அதிக அளவில் வைட்டமின் கே கொடுத்துவிட்டால், செயற்கை இதய வால்வு உள்ளவருக்குப் பிறகு பல நாள் வார்ஃபரின் வேலை செய்யாமல் போகும், அந்த நாட்களில் வால்வில் ரத்தம் உறையலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க ஊசியாகத் தரும் ஹெபாரினைப் பற்றிச் சுருக்கமாக. நரம்பில் ஏறும் சாதாரண ஹெபாரின் நிறுத்தினால் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளேயே பாதியாகிவிடும். அவசரம் என்றால் புரோட்டமின் இருக்கிறது. கடந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் போன ஒவ்வொரு 100 யூனிட்டுக்கும் 1 மில்லிகிராம், ஒரு தடவைக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. இது மீனின் விந்திலிருந்து எடுக்கப்பட்டது. மீன் ஒவ்வாமை உள்ளவர்களிடமும், புரோட்டமின் கலந்த இன்சுலின் முன்பு போட்டவர்களிடமும் கவனம் தேவை. பத்து நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும், அந்த நேரம் முழுவதும் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனாக்சபாரின் போன்ற, தோலுக்கடியில் போடும் ஊசிகளைப் புரோட்டமின் முழுதாக முறிக்காது. பாதிக்குச் சற்று மேல்தான். ஃபோண்டாபாரினக்ஸ் என்ற இன்னொரு உறைவு தடுப்பு ஊசிக்கு அதுவும் வேலை செய்யாது.

புதிய மாத்திரைகளில் முறிப்பதற்கு மிக நேர்த்தியான வழி உள்ளது டாபிகாட்ரானுக்கு. ஐடருசிசுமாப் என்ற எதிர்ப்புப் புரதம் அந்த மருந்தை மட்டுமே தேடிப் பிடிக்கும். டாபிகாட்ரான் தன் வழக்கமான இலக்கான த்ராம்பினை (ரத்தத்தை உறைய வைக்கும் ஒரு புரதம்) பிடிப்பதைவிட ஏறத்தாழ 350 மடங்கு இறுக்கமாக இது டாபிகாட்ரானைப் பிடித்துக்கொள்கிறது. அளவு எல்லோருக்கும் ஒன்றுதான்: 2.5 கிராம் குப்பி இரண்டு, மொத்தம் 5 கிராம். சில நிமிடங்களில் ரத்தத்தில் மருந்தின் வேலை நின்றுவிடும். இது தானாக ரத்தத்தை உறைய வைப்பதில்லை, மருந்தை அப்புறப்படுத்துகிறது, அவ்வளவுதான். 2015-இல் அனுமதி கிடைத்தது. 503 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2017-இல் முழுமையாக வெளியானபோது அதன் வேகம் உறுதியானது. டாபிகாட்ரானில் சுமார் 80 சதவீதம் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதானவரிடம் அது நாள்கணக்கில் தங்கலாம், முறித்த பிறகும் திசுக்களிலிருந்து மறுபடி ரத்தத்துக்குள் வரலாம். அப்படிப்பட்டவரை ஒரு நாளாவது விடாமல் கவனிக்க வேண்டும். முறிமருந்து கிடைக்காத இடத்தில் டயாலிசிஸ் உதவும். நான்கு மணி நேரத்தில் மருந்தில் ஏறக்குறைய பாதியை எடுத்துவிடும்.

சரி, அப்பாவின் மருந்துக்கு வருவோம். அபிக்சபான், ரிவரோக்சபான், எடோக்சபான் மூன்றும் உறைதல் தொடரில் பத்தாம் எண் புரதத்தை நேரடியாகத் தடுப்பவை. டயாலிசிஸ் இவற்றிடம் பலிக்காது, ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் வடிகட்ட முடியாது. வைட்டமின் கேயும் உதவாது, ஏனென்றால் வைட்டமின் கே இங்கே பிரச்சினையே இல்லை. பிளாஸ்மாவும் ஏறக்குறைய வீண்.

ரிவரோக்சபானுக்கும் அபிக்சபானுக்கும் என்றே வந்த மருந்து அன்டெக்சனெட் ஆல்ஃபா. பத்தாம் எண் புரதத்தைப் போலவே தோற்றம், ஆனால் உறைய வைக்கும் வேலையைச் செய்யாத ஒரு போலி. மாத்திரையின் மூலக்கூறுகள் உண்மையானதை விட்டுவிட்டு இந்தப் போலியைப் பிடித்துக்கொள்கின்றன. முதலில் ஒரு ஊசி, பிறகு இரண்டு மணி நேரம் வரை டிரிப்ஸ். 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. மூளைக் கசிவு நோயாளிகளிடம் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வு 2024-இல் வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் பிசிசி பெற்றவர்கள். கசிவு கட்டுப்பட்டது அன்டெக்சனெட்டில் 67 சதவீதம் பேருக்கு, மற்றப் பக்கம் 53 சதவீதம் பேருக்கு. இதுவரை நல்ல செய்தி. ஆனால் ரத்தக்கட்டி தொடர்பான பாதிப்புகள் அன்டெக்சனெட்டில் 10.3 சதவீதம், மற்றப் பக்கம் 5.6. அடைப்பால் வந்த பக்கவாதம் மட்டும் 6.5-க்கு 1.5. ஒரு மாதம் கழித்து யார் உயிரோடு இருக்கிறார், யார் தன் காலில் நிற்கிறார் என்று பார்த்தால் இரு பக்கமும் தெளிவான வித்தியாசம் இல்லை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு உங்கள் அப்பாவை நினைத்துப் பாருங்கள். கசிவு குடலில், அழுத்தம் நிலையாக இருந்திருக்கிறது, எண்டோஸ்கோப்பியால் எட்ட முடிகிறது. இந்த நிலையில் அவருக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும் ஒரு மருந்தைக் கொடுக்க நல்ல காரணம் வேண்டும். அபிக்சபானின் அளவு சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒரு நாள் பொறுத்தால் பெரும்பகுதி தானாகவே போய்விடும். நேரமே இங்கே முறிமருந்தாக வேலை செய்கிறது. இதையே அப்பாவிடம் ஒரு வரியில் சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்த மனக்குறை வந்திருக்காது. மருத்துவர்கள் அதைச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதே அபிக்சபானோடு ஒருவர் மூளைக் கசிவுடன் வந்தால் காத்திருக்க மாட்டார்கள். அன்டெக்சனெட் இருந்து, தகுந்த நோயாளி என்றால் அது. பல இடங்களில் அது கிடைப்பதில்லை (அமெரிக்காவிலேயே 2025 இறுதியில் விற்பனை நிறுத்தப்பட்டது), அங்கே பிசிசி, பெரும்பாலும் 2,000 யூனிட் நிலையான அளவாகவோ கிலோவுக்கு 25 முதல் 50 யூனிட்டாகவோ. பிசிசி இந்த மாத்திரையை ரத்தத்திலிருந்து எடுப்பதில்லை, உறைவதற்கான பொருட்களை ஏராளமாகக் கொட்டி அதன் தடையை மீறிப் போக வைக்கிறது. கடைசி மாத்திரை சாப்பிட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் வந்தால், விழிப்போடு விழுங்கும் நிலையில் இருப்பவருக்குச் செயலூட்டிய கரிப்பொடி தரலாம். வயிற்றில் இன்னும் இருக்கும் மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். எண்டோஸ்கோப்பி செய்யப் போகிறவருக்கு மட்டும் அது பார்வையைக் கறுப்பாக்கிவிடும்.

பரிசோதனை விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. வார்ஃபரினுக்கு ஐஎன்ஆர் நல்ல அளவுகோல். அபிக்சபானுக்கு அது பயன்படாது. ரத்தத்தில் மருந்து நன்றாகவே இருக்கும்போதும் ஐஎன்ஆர் 1.1 என்று வரலாம். "ஐஎன்ஆர் நார்மல், அப்படியானால் மருந்து இல்லை" என்று முடிவு கட்டினால் தவறிப்போகும். இந்த வகை மாத்திரைகளுக்கு ஆன்டி டென் ஏ என்ற தனிப் பரிசோதனை உண்டு, எல்லா இடத்திலும் உடனே முடிவு கிடைப்பதில்லை. அதனால்தான் கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்ற கேள்விக்கு இவ்வளவு முக்கியத்துவம். மூளைக் கசிவு போன்ற நிலையில் பரிசோதனை முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில்லை, அந்த நேரத்தை வைத்தே முடிவெடுக்கிறார்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். இவை தட்டணுக்களை முடக்குபவை, மேலே சொன்ன எந்த முறிமருந்தும் இவற்றுக்குப் பொருந்தாது. அப்படியானால் புதிய தட்டணுக்களை ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூளையில் தானாகக் கசிவு வந்தவர்களுக்கு அப்படி ஏற்றியபோது மரணமும் ஊனமும் கூடியதே தவிரக் குறையவில்லை. அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு வழக்கமாகத் தருவதை அதற்குப் பிறகு கைவிட்டார்கள். உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலமும் இப்படித்தான், இடம் பார்த்துத் தர வேண்டியது. விபத்துக் காயத்தில் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிர்களைக் காக்கிறது என்று 2010-இல் பெரிய ஆய்வு காட்டியது. குடல் கசிவில் 2020-இல் வந்த ஆய்வு அப்படிப் பலனைக் காட்டவில்லை, கால் நரம்புகளிலும் நுரையீரலிலும் ரத்தம் கட்டுவது கூடியது. அப்பாவுக்கு அதைத் தராமல் இருந்திருந்தால் அதுவும் சரியே.

பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஊசியோடு வேறு சிலவும் நடந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். மேல் ரத்த அழுத்தத்தை 140-க்கு அருகே விரைந்து இறக்குவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுக்குள் வைப்பது, ஐஎன்ஆரை ஒரு மணி நேரத்துக்குள் 1.5-க்குக் கீழே கொண்டுவருவது. இவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்யும்போது நோயாளிகள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று 2023-இல் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. மூளைக் கசிவு பெரும்பாலும் முதல் சில மணி நேரங்களில்தான் பெருக்கிறது. அவசரத்துக்குக் காரணம் அதுதான்.

குடும்பத்தார் செய்யக்கூடியது குறைவு என்றாலும் அதற்கு மதிப்பு அதிகம். மாத்திரை அட்டையையே கையோடு எடுத்துப் போங்கள். "ரத்தம் உறையாமல் இருக்க ஏதோ சின்ன மாத்திரை" என்றால் வார்ஃபரினா அபிக்சபானா என்று மருத்துவருக்குத் தெரியாது, மேலே படித்த எல்லாமே அந்தப் பெயரைப் பொறுத்துத்தான் மாறுகிறது. கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள், உறுதியாகத் தெரியாவிட்டால் கடைசியாக நலமாக இருந்த நேரத்தைச் சொல்லுங்கள். சிறுநீரகப் பரிசோதனை முடிவு இருந்தால் அதையும். தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும், இந்த மருந்து சாப்பிடுபவரை ஸ்கேனுக்கு அழைத்துப் போக வேண்டும். திடீர்த் தலைவலி, வாய் கோணல், கறுத்துத் தார் போன்ற மலம், நிற்காத மூக்கு ரத்தம், எழுந்தால் கண் இருட்டுவது ஆகியவற்றுக்கு அடுத்த வேளை மாத்திரையைத் தராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அதே சமயம் பல் தேய்க்கும்போது ஈறில் கொஞ்சம் ரத்தம் வந்தது என்று வீட்டிலேயே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்திய பிறகு பக்கவாதத்தோடு வருபவர்கள் உண்டு.

இனி அப்பாவுக்கு மிச்சம் இருப்பது, மாத்திரையைத் திரும்ப எப்போது ஆரம்பிப்பது என்பது. கசிவுக்குப் பயந்து பலர் அதை நிரந்தரமாக விட்டுவிடுகிறார்கள், இது மிகுந்த தவறு. குடல் கசிவு அடைபட்டு நின்றுவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு ஆரம்பிக்கலாம். மூளைக் கசிவு என்றால் பொதுவாக நான்கு முதல் எட்டு வாரம், கசிந்த இடத்தைப் பொறுத்துச் சிலருக்கு ஆரம்பிக்காமலே, ரத்தக்கட்டி உருவாகும் இதயத்தின் அந்த மூலையை அடைக்கும் கருவி பொருத்துவதையும் யோசிப்பார்கள். செயற்கை வால்வு உள்ளவர்கள் அவ்வளவு காலம் பொறுக்க முடியாது, அவர்களுக்குத் தனிக் கணக்கு. அப்பாவின் வெளியேற்றச் சீட்டில் அந்தத் தேதி எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லாவிட்டால் இதய மருத்துவரையும் எண்டோஸ்கோப்பி செய்தவரையும் கேட்டுத் தேதியை எழுதி வாங்குங்கள். கூடவே வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ சேர்ந்து சாப்பிடுகிறாரா, வயிற்றைக் காக்கும் மாத்திரை தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.